வாசல் வரைக்கும் வரைந்த உலகம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு உலகத்தை உருவாக்கினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் செய்வதற்கு வேறு வேலை இல்லை, அவ்வளவுதான். செலவும் அதிகமில்லை. கோடு போட்ட பெரிய நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. எங்கள் தீவில், ஷாதிபூரில் வீடு, கூட அம்மா மட்டும். பகலெல்லாம் ஓர் அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் வாங்குகிற வேலை. அந்த வயதில், அந்த வேலையில் இருக்கிற ஒருத்தி இல்லாத நாட்டுக்கு வரைபடம் போடுகிறாள் என்றால் ஊர் சிரிக்கும். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கற்பனை நாடு ஒன்றைச் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் அந்த நாட்டில் ஆளுக்கொரு ஆளாக மாறி, நான் இந்த மலையில் ஏறுகிறேன், நான் அந்த மிருகத்தை விரட்டுகிறேன் என்பார்கள். காரியம் நடக்குமா நடக்காதா என்பதை எண் தீர்மானிக்கும். ஒன்றிலிருந்து இருபதுக்குள் ஓர் எண் எடுக்க வேண்டும். சின்ன எண் வந்தால் சறுக்கல். இருபது வந்தால் எப்பேர்ப்பட்ட காரியமும் நடந்தே தீரும், குறுக்கே யாரும் பேசக்கூடாது. சென்னையில் இருக்கும் என் சித்தி மகன் இதைப் போனிலேயே எனக்குக் கற்றுக்கொடுத்தான். நெட் போனாலும் ஓடுகிற பொழுதுபோக்கு என்பதால் எனக்கு உடனே பிடித்துவிட்டது.

என்னோடு ஆட இரண்டு பேர் கிடைத்தார்கள். கிடைத்த இடம் கப்பல் ஜெட்டி. நிகோபார் கப்பல் கேன்சல் என்று அறிவிப்பு ஒட்டிய ஒரு நாள், டிக்கெட்டை மாற்ற வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் ஐம்பதைத் தாண்டிய ஒருவர், படகு இன்ஜின் ரிப்பேர் செய்பவர். பின்னால் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் பெண், கட்சால் தீவில் அம்மாவைப் பார்க்கப் போக வேண்டியவள். நான் ஆட்ட விதிகளைப் பிரிண்ட் எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். என்ன பரீட்சை என்று இன்ஜின்காரர் கேட்டார். சொன்னேன். வரிசை அசைகிற வேகத்துக்கு அங்கேயே ஒரு சின்னக் கதையை ஆடி முடித்தோம்.

அப்படி அறிமுகமான மூன்றாவது நிமிஷத்தில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்ட கேள்வி: உங்க ஆளுங்க எப்ப வந்தது, எந்தப் பக்கத்திலேர்ந்து? தீவில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் யாரோடும் பழகுவதில்லை. இன்ஜின்காரரின் குடும்பம் சிறைக் காலத்தில் கப்பலேற்றப்பட்டது. அவரை லோக்கல் என்பார்கள், அதில் அவருக்குக் கொஞ்சம் மிடுக்கும் உண்டு. வீட்டில் பேசும் தமிழில் பாதி இந்தி. நர்ஸின் தாத்தா பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கட்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். என் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அரசு வேலையில் வந்தவர். எங்கள் வீட்டில் லாமினேட் செய்யாத காகிதம் என்றால் அது செய்தித்தாள் மட்டும்தான்.

பத்துபஸ்தியில் இன்ஜின்காரர் வீட்டு மாடி அறைதான் எங்கள் இடம். ஏர்போர்ட் பக்கத்தில் இருப்பதால் விமானம் வந்தால் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது. கத்திப் பார்த்தோம், தொண்டைதான் கட்டியது. பிறகு அதையே விதியாக்கிவிட்டேன். வானத்தில் ஒரு பூதம் கடந்து போகிறது, அது போகும் வரை யாரும் அசையக்கூடாது, அசைந்தால் அது பார்த்துவிடும். இன்ஜின்காரர் சமோசாவை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்திருப்பார். எண் எடுக்க இருபது பக்கம் உள்ள பகடை வேண்டும். மெயின்லேண்டிலிருந்து வரவழைத்தோம். ஒரு மாதம் கழித்து வந்து சேர்ந்தது, வந்த அன்றைக்கே உருண்டு மாடிக் கம்பி வழியாகச் சாக்கடையில் விழுந்தது. பகடை வரும் வரைக்கும் என்று வைத்திருந்த தம்போலா விளையாட்டின் எண் வில்லைகளே நிலைத்துவிட்டன. ஒன்று முதல் இருபது வரை ஊறுகாய் பாட்டிலில் போட்டு, கையை விட்டு எடுப்பது.

சரி, உலகத்துக்கு வருகிறேன். அதற்குக் கடைக்கரை என்று பெயர் வைத்தேன். மனிதர்கள் இப்போதுதான் குடியேறத் தொடங்கியிருக்கும் எல்லை நாடு. பெருங்கரை என்ற பழைய நாட்டிலிருந்து அமாவாசைக்கு ஒரு கப்பல் வரும். வந்து இறங்குகிறவர்கள் கடற்கரையில் பெரிய பெரிய நண்டு ஓடுகளுக்குள் குடியிருப்பார்கள். மழை பெய்தால் மரங்கள் இடம் மாறிக்கொள்ளும், அதனால் பாதை என்று ஒன்று தங்காது. படகுகளின் அடியை நக்கி உப்பு எடுக்கும் ஒரு புலி உண்டு. மேட்டின் மேல் நீளமாக ஒரு மரவேலி. வேலியில் ஒரே ஒரு வாசல். வாசலைத் தாண்டினால் புதிய நிலம், ஆளுக்கு ஒரு பங்கு.

வாசலில் ஓர் எழுத்தர் உட்கார்ந்திருப்பார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அவரிடம் இருக்கும் முத்திரை, பொய்க் காகிதத்தைக் கண்டால் நீட்டியவரின் விரலைக் கடிக்கும். இந்த வாசலுக்கு மட்டும் நோட்டில் முப்பது பக்கம் எழுதினேன். என்னென்ன படிவம், எத்தனை பிரதி, எந்தக் கிழமை எந்த வரிசை, கப்பல் மூழ்கி வந்தவர்களுக்குத் தனி வரிசையா இல்லையா, எல்லாம். மை கரைக்க எந்தக் காயின் சாறு என்பதுகூட இருந்தது.

சித்தி மகனுக்குப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். "அக்கா, எல்லை நாடுன்னா வாள் இருக்கும், குதிரை இருக்கும், டிராகன் இருக்கும். ஆளுங்க பாட்டுக்குப் போய் நெலத்தப் புடிப்பாங்க. இதுல எல்லாரும் க்யூவுல நிக்கிறாங்களே?" என்றான். எனக்கு எரிச்சலாக வந்தது. தங்கள் பாட்டுக்குப் போய்ப் பிடிப்பதாமே! யார் விடுவார்கள்? அனுமதி இல்லாமல் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நகர முடியாத ஊரில் பிறந்தவள் நான். டிராகனுக்கு இன்னும் பாஸ் கிடைக்கவில்லை என்று பதில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு விவரத்தாள் நிரப்ப வேண்டும். மற்ற ஊர்களில் அதன் முதல் வரியில் குலம், தொழில், பலம் என்று வருமாம். நான் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் வரைந்த தாளில் முதல் வரி: வந்த கப்பல். இரண்டாவது: வந்த வருஷம். மூன்றாவது: ஆதாரம். அவர்கள் இருவருக்கும் அது விசித்திரமாகவே படவில்லை. இன்ஜின்காரர் தன்னை ஒரு கொல்லனாக வைத்துக்கொண்டார், முதல் கப்பல் என்று எழுதினார். வேறு எதை எழுதுவார்! நர்ஸ் ஒரு வேர்க்காரியாக வந்தாள். காட்டு வேரைக் கொடுத்துக் காய்ச்சலை இறக்குகிறவள். மூன்றாவது கப்பல் என்று எழுதிவிட்டு, ஆதாரம் என்ற இடத்தில் இல்லை என்று எழுதினாள். அப்போது நான் அதைக் கவனித்துச் சிரித்தேன். ஆட்டத்துக்கு நல்ல சிக்கல் கிடைத்தது என்று நினைத்தேன்.

அவளுடைய நிஜச் சிக்கல் எங்களுக்குத் தெரிய வந்தது அதற்கு நாலு வாரம் கழித்து. அரசு மருத்துவமனைகளுக்கு நர்ஸ் எடுக்கிறார்கள். அவள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குத் தீவுக்காரி என்று சான்று வேண்டும். சான்றுக்கு, குடும்பம் தீவுக்கு வந்த காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் சுனாமியில் போய்விட்டது. அப்போது அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற வயது. தோட்டத்து லய வீடுகளில் இருந்தவர்கள் மேட்டுப் பக்கம் ரப்பர் மரங்களுக்குள் ஓடித் தப்பித்தார்கள், தகரப் பெட்டி தப்பிக்கவில்லை. பிறகு அப்பாவும் நோயில் இறந்துவிட்டார். இந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான், ஆயுசுக்கும் தனியார் கிளினிக்தான்.

இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. டீயை ஆற்றியபடி, அப்பா பெயர் தோட்டத்தின் செக்ரோலில், அதாவது ஆள் வருகைப் பதிவேட்டில், இருக்கும் என்று அம்மா சொல்வதாகவும், அதைச் சொன்னால் கவுண்டரில் ஒரிஜினல் எங்கே என்று கேட்பதாகவும், ஒவ்வொரு தடவையும் திங்கட்கிழமை வரச் சொல்வதாகவும் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் நோட்டை எடுத்து, அவள் சொன்னதை அப்படியே வாசல் எழுத்தரின் பக்கத்தில் எழுதி வைத்தேன். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை. நல்ல விஷயம் அகப்பட்டது என்ற சந்தோஷம்தான் இருந்தது.

கொல்லனும் வேர்க்காரியும் கடற்கரையிலிருந்து கிளம்பி வாசலை எட்ட ஏழு ஞாயிறு ஆனது. உப்புப் புலியை இன்ஜின்காரர் தன் படகைக் காட்டியே ஏமாற்றினார். இடம் மாறும் மரங்களுக்கு நடுவில் வேர்க்காரி வேரை மோந்து வழி கண்டுபிடித்தாள். நர்ஸ் அந்த வாரங்களில் நன்றாகச் சிரித்தாள். கிளினிக்கில் பதினொரு மணி நேரம் நின்றுவிட்டு, தூங்காமல்கூட வந்தாள். வாசலுக்கு அந்தப் பக்கம் போனதும் வேர்க்காரி என்ன நடுவாள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தாள்.

எட்டாவது ஞாயிறு வாசல். கொல்லன் காகிதத்தை நீட்டினான், முத்திரை விழுந்தது. வேர்க்காரி வரட்டும், சேர்ந்தே உள்ளே போவோம் என்று வாசற்படியிலேயே நின்றுகொண்டான். வேர்க்காரி முன்னால் வந்தாள். எழுத்தரின் இருமலுக்கு ஒரு வேர் தந்தாள், கண்ணாடிக் கயிற்றைப் புதிதாகத் திரித்துக் கொடுத்தாள். எழுத்தர் இரண்டையும் வாங்கிக்கொண்டார். அப்புறம் ஆதாரம் கேட்டார். எழுத்தருக்குக் குரல் கொடுப்பது நான். கவுண்டரில் பத்தொன்பது வருஷம் பழகிய குரல், தனியாக நடிக்கத் தேவையில்லை.

"அப்பா பேரு செக்ரோல்ல இருக்குன்னு சொன்னா பத்தாதும்மா. ஒரிஜினல் வேணும். திங்கக்கெழம வாங்க."

இன்ஜின்காரர் குபீரென்று சிரித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். நான் நம்பர் எடுக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, பாட்டிலுக்குள் கையை விட்டாள். ரொம்ப நேரம் துழாவினாள். எடுத்து மேசையில் வைத்தாள். இருபது.

இன்ஜின்காரர் மேசையைத் தட்டினார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, கதவு திறக்க வேண்டும், விதி அதுதான். நான் நோட்டைப் பார்த்தேன், வில்லையைப் பார்த்தேன். என் வாயிலிருந்து வந்தது இது: நம்பர் எல்லாம் சரிதான், ஆனால் ஒரிஜினல் இல்லையே.

அவள் அந்த வில்லையை எடுத்துத் திரும்பப் பாட்டிலில் போட்டாள். மூடியை இறுக்கி மூடினாள்.

"இருபது வந்தாக்கூட எனக்குத் தொறக்காதாக்கா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். டீ அப்படியே இருந்தது.

இன்ஜின்காரர் எழுந்து கண்ணாடித் தம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தார். நான் என் பக்க நியாயத்தைச் சொன்னேன். உலகம் என்றால் நிஜம் மாதிரி இருக்க வேண்டும், அதிர்ஷ்டத்தால் காகிதம் வராது, ஒருவருக்குத் தளர்த்தினால் அப்புறம் வாசல் எதற்கு. ஆபீசில் பேசுவது மாதிரியே பேசினேன். அவர் தண்ணீரை நிறுத்தினார்.

"அரே பெஹன், நெசம் மாதிரிதான் வேணும்னா, அந்தப் பொண்ணு சண்டே இங்க எதுக்கு வருது? நெசம்தான் மண்டேலேர்ந்து சாட்டர்டே வர கெடைக்குதே."

எனக்குச் சுருக்கென்றது. ஒத்துக்கொள்ளவில்லை. கோபத்தோடு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். அம்மா என்ன முகம் இது என்று கேட்டதற்கு வெயில் என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். கடற்கரை, நண்டு ஓடுகள், புலி, மரங்கள், வேலி, வாசல், எழுத்தர், படிவங்கள். கடைசிப் படிவம் வரை வந்து அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. கடைசி அட்டை வரைக்கும் வெள்ளை. வாசலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. எட்டு வாரமாக அவர்களை நடக்க வைத்தேன். போய்ச் சேரும் இடம் என்னிடம் இல்லை. இருபது வந்த உடனே எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, அதுதான் உண்மை. நிஜமாவது மண்ணாங்கட்டியாவது. காட்ட ஒன்றும் இல்லாதவள் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சாரி என்று அவளுக்கு மெசேஜ் போட்டேன். பரவாயில்லக்கா, டியூட்டி என்று பதில் வந்தது. அடுத்த ஞாயிறும் டியூட்டி, அதற்கடுத்ததும் டியூட்டி. கிளினிக்கில் எல்லா ஞாயிறும் டியூட்டி போட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்ன. இன்ஜின்காரர் மட்டும் எனக்கு போன் செய்து, கொல்லன் இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறான், கால் வலிக்கிறது என்பார்.

அவளுக்கு ஏதாவது செய்யலாம் என்று கிளம்பினேன். சான்று கொடுப்பது என் பிரிவு இல்லை. சான்றுப் பிரிவில் தெரிந்த ஒருத்தி இருந்தாள், மத்தியான இடைவேளையில் போய் உட்கார்ந்தேன். செக்ரோல் நகல் எங்காவது இருக்குமா, வேறு ஆதாரம் எதையாவது ஏற்பார்களா என்று கேட்டேன். அவள் நல்லவள். சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். நகல் இருந்தாலும் ஒரிஜினலோடு ஒத்துப் பார்க்க வேண்டும், ஒரிஜினல் இல்லையென்றால் தோட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும், பதில் வர நாளாகும், திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள். ஒரு சொல் மாறாமல் என் எழுத்தர். குரல்கூட அதே குரல். எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் இல்லை. அவளைப் போலத்தான் நானும் சொல்வேன். என் கவுண்டரில் வந்து நிற்கிறவர்கள் பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் ஏன் காகிதத்தை மடித்து வைத்துக்கொள்கிறார்கள் என்பது அன்றைக்குப் புரிந்தது.

எழுதிக் கேட்க வைத்தோம். விண்ணப்பத்தை நானே தட்டச்சு செய்து கொடுத்தேன், நர்ஸ் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அப்போதும் அக்கா என்றாள், சாப்பிட்டீங்களா என்றாள், ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

சாயங்காலங்களில் வாசலுக்கு உள்ளே வரைய முயன்றேன். ஓர் ஆறு போட்டேன். ஆற்றுக்கு ஒரு பாலம், பாலத்துக்கு ஒரு சோதனைச் சாவடி. கிழித்துப் போட்டேன். ஒரு சந்தை போட்டேன், அதில் கடை வைக்க உரிமம் கேட்கிற அறை ஒன்று தானாக வந்து உட்கார்ந்தது. அதையும் கிழித்தேன். எதை வரைந்தாலும் உள்ளே இன்னொரு வாசல் முளைத்தது. சும்மா சொல்லக்கூடாது, என் கற்பனை அவ்வளவு ஒழுங்காகப் பழகியிருந்தது.

நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. எழுதிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அன்று சாயங்காலம் அவளிடமிருந்து மெசேஜ்: தேதி முடிஞ்சிருச்சுக்கா. ஞாயித்துக்கெழம வாறேன். நான் அதை நாலைந்து தடவை படித்தேன். வா என்று ஒரு எழுத்து மட்டும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். டியூட்டி உடுப்பைக்கூட மாற்றவில்லை. மூஞ்சி கொஞ்சம் வாடியிருந்தது. நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், நோட்டு வைக்கிற இடத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். இன்ஜின்காரர் சுவரோரமாக நின்றுகொண்டு எனக்குக் கண்ணைக் காட்டினார், ஒன்றும் கேட்காதே என்பதுபோல். நான் வாசல் விதியை மாற்றிவிட்டதாகவும், இருபது வந்தால் கதவு திறக்கும் என்றும், அன்றைக்குச் செய்தது என் தப்பு என்றும் ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். வாசலை அப்படியே விட்டுவிடச் சொன்னாள். இன்றைக்கு எழுத்தர் வேலையைத் தான் பார்ப்பதாகவும், நாங்கள் இருவரும் வரிசையில் வர வேண்டும் என்றும் சொன்னாள்.

எனக்கென்று அதுவரை விவரத்தாள் கிடையாது. ஒரு படிவத்தைத் திருப்பிப் போட்டு எழுதினேன். ஐந்தாவது கப்பல். ஆதாரம்: உண்டு, பத்திரமாக. அவள் வாங்கிப் படித்தாள். வரும் வழியில் அலை அடித்து என் பெட்டி கடலில் போய்விட்டது என்றாள். பேனாவால் அந்த வரியை அடித்தாள். சரி, நாற்காலி யாருடையதோ உலகம் அவருடையது. நான் ஆதாரம் இல்லாதவளாக மேசைக்கு முன்னால் நின்றேன். நின்றுதான் ஆட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

நம்பர் எடுங்கள் என்று பாட்டிலை நீட்டினாள். எடுத்தேன். மூன்று.

இருபது வில்லையில் எனக்கு வந்தது மூன்று. நியாயம்தான் என்று நினைத்தேன். அவள் திங்கட்கிழமை வரச் சொல்வதற்காகக் காத்திருந்தேன். அவள் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போங்கள் என்றாள்.

"மூணு பத்தாதும்மா," என்றேன். பாருங்கள், எனக்கு நானே எழுத்தர்.

"என் கவுண்டர்ல பத்தும்."

இன்ஜின்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்போ கொல்லனும் வரலாமா, ஒன்றரை மாதமாக நிற்கிறான் என்றார். வாங்க என்றாள். வேர்க்காரியும் வந்தாச்சு என்றாள். மூவரும் வாசலைத் தாண்டினோம். அப்புறம் அவள் நோட்டை என் பக்கம் தள்ளினாள். உள்ளே என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

சமாளித்திருக்கலாம். ஒரு மலை, ஒரு அருவி, எதையாவது சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை, நான் வரையவே இல்லை, அன்றைக்கு அதனால்தான் விடவில்லை என்று சொன்னேன். சொல்லும்போது குரல் என் கவுண்டர்க் குரலாக இல்லை.

அவள் நோட்டின் வெள்ளைப் பக்கங்களைப் புரட்டினாள்.

"ஒண்ணுமே இல்லாத எடத்துக்கா ஒரிஜினல் கேட்டீங்க?"

ஆமாம் என்றேன். அவள் சிரிப்பாள் என்று ஒரு நொடி நினைத்தேன், அழுவாள் என்று ஒரு நொடி. இரண்டும் இல்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்து, முதல் வெள்ளைப் பக்கத்தில் பேனாவால் ஒரு கட்டம் போட்டாள். கட்டத்துக்கு ஒரு கதவு, இரண்டு ஜன்னல். பக்கத்தில் ஆஸ்பத்திரி என்று எழுதினாள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், நர்ஸ், ஓர் இடம், காலி.

இன்ஜின்காரர் எட்டிப் பார்த்தார். வேலைக்கு என்ன காகிதம் வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றாள். வயது வரம்பு உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து விமானம் வந்தது. அறை முழுக்கச் சத்தம். வானப் பூதம் கடந்து போகும்போது அசையக்கூடாது, நான் போட்ட விதி அது ஒன்றாவது மிச்சம் இருந்தது. மூவரும் இருந்தபடியே இருந்தோம். அவள் பேனா, காலி என்ற சொல்லின் மேல் நின்றிருந்தது. சத்தம் அடங்கிய பிறகு அவள் அந்தச் சொல்லை அடித்துவிட்டு ஒரு பெயர் எழுதினாள். வேர்க்காரியின் பெயர் இல்லை. தன் சொந்தப் பெயர், முன்னால் அப்பாவின் இனிஷியலோடு.